தனித்திருக்கும்போது வரும் அழைப்பு: மூத்த வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

காவிரி டெல்டா மாவட்டங்களிலிருந்து அண்மையில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டு பொருள்களைப் பற்றியவை. தொலைபேசி வழியாக முதியோரின் பணத்தைப் பறிப்போர் பற்றியவை ஒரு வகை. ஊரில் முதியோர் ஒன்றுகூடும் இடங்கள் குறைந்துவருவது பற்றியவை மற்றொரு வகை. இரண்டையும் ஒரே இதழில் எடுத்துக்கொள்கிறேன். நாள் முழுவதும் பேச்சுத்துணையின்றி இருப்பவரைத்தான் மோசடிக்காரர் எளிதில் பிடித்துவைக்கிறார் என்பதை இக்கடிதங்கள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை; ஊர்ப் பெயர் மட்டும் தரப்பட்டுள்ளது.

நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். என் பெயரில் வாங்கிய சிம் கார்டைக் கொண்டு குற்றம் நடந்திருப்பதாகச் சொல்லி, காவல்துறைச் சீருடையில் ஒருவர் வீடியோ அழைப்பில் வந்தார். என்னை 'டிஜிட்டல் கைது' செய்திருப்பதாகவும், மகனிடம்கூட வாய் திறக்கக் கூடாது என்றும் மிரட்டினார். பால்காரர் வந்து கதவைத் தட்டியதால் எழுந்து போனேன். அதற்குள் மனம் தெளிந்து அழைப்பைத் துண்டித்துவிட்டேன். உண்மையில் அப்படியொரு கைது சட்டத்தில் இருக்கிறதா? — மயிலாடுதுறை

இல்லை, ஐயா. இந்தியாவின் எந்தச் சட்டத்திலும் 'டிஜிட்டல் கைது' என்ற ஒன்று கிடையாது. காவல்துறை, சி.பி.ஐ., சுங்கத்துறை, அமலாக்கத்துறை ஆகிய எந்த அமைப்பும் ஒருவரை வீடியோ அழைப்பில் உட்காரவைத்து விசாரிப்பதில்லை. 'சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறோம்' என்று சொல்லி அவருடைய சேமிப்பை வேறொரு கணக்குக்கு மாற்றச் சொல்வதும் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35-ஆவது பிரிவை உங்களைப் போன்றோர் அறிந்திருப்பது நல்லது. மூன்றாண்டுக்கும் குறைவான சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக இருந்து, சம்பந்தப்பட்டவர் உடல் நலிந்தவராகவோ 60 வயதைக் கடந்தவராகவோ இருந்தால், காவல் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதியின்றி அவரைக் கைது செய்யக் கூடாது என்று அப்பிரிவு கூறுகிறது. விசாரணைக்கு நேரில் வருமாறு இதே பிரிவின்படி அனுப்பும் அறிவிப்பை வாட்ஸ்அப்பிலோ மற்ற மின்னணு வழிகளிலோ அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2025 ஜனவரியில் தெளிவுபடுத்தியது. ஆகவே, உங்கள் செல்பேசிக்கு முத்திரையும் கையெழுத்துமாக வரும் 'கைது ஆணை' எவ்வளவு ஒழுங்காக அச்சிடப்பட்டிருந்தாலும் அது போலிதான்.

இந்த மோசடி நடக்கும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். முறை தெரிந்துவிட்டால் பயம் பாதியாகக் குறையும். முதலில், உங்கள் தொலைபேசி இணைப்பு இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும் என்றோ, உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது என்றோ ஒருவர் பணிவான குரலில் பேசுவார். நீங்கள் மறுத்ததும், 'அப்படியானால் புகார் கொடுத்துவிடுங்கள், நானே இணைத்துவிடுகிறேன்' என்று உதவுபவரைப் போல அழைப்பை இன்னொருவருக்கு மாற்றுவார். அந்த இன்னொருவர் சீருடையில் இருப்பார். அவருக்குப் பின்னால் காவல் நிலையச் சுவர் தெரியும். வயர்லெஸ் கருவியின் ஓசையும் கேட்கும். ஆதார் எண்ணையும் வீட்டு முகவரியையும் அவரே வாசித்துக் காட்டும்போது, இவ்வளவும் தெரிந்தவர் அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பிவிடுகிறோம். அந்த விவரங்களோ எங்கெங்கோ நாம் கொடுத்த நகல்களிலிருந்து கசிந்து, விலைக்கு விற்கப்படுபவை. அதன்பின் கதவைத் தாழிடச் சொல்வார். கேமராவை அணைக்கக் கூடாது என்பார். யாரிடமும் பேசக் கூடாது, பேசினால் அவர்களும் வழக்கில் சேர்க்கப்படுவார்கள் என்பார். மொத்த மோசடியும் இந்தக் கடைசிக் கட்டளையைத்தான் நம்பியிருக்கிறது. உங்கள் வீட்டு வாசலில் பால்காரர் குரல் கொடுத்ததும் அந்த மிரட்டலின் பிடி தளர்ந்ததற்குக் காரணமும் அதுவே.

ஹரியானாவின் அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதியர் இத்தகைய மோசடியில் பணத்தை இழந்து உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதத்தின் பேரில், அந்நீதிமன்றம் 2025 அக்டோபரில் தானாக முன்வந்து வழக்கெடுத்து, டிசம்பரில் இவ்வகை மோசடிகளை சி.பி.ஐ. விசாரிக்கும்படி உத்தரவிட்டது. அந்தத் தம்பதியரிடம் காட்டப்பட்டவை அதே உச்ச நீதிமன்றத்தின் பெயரால் தயாரித்த போலி ஆணைகள். நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்தின் முத்திரையையே போலியாகச் செய்யத் துணிந்தவர்களிடம் படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு செல்லாது. எனவே, நாற்பது ஆண்டு பாடம் நடத்திய எனக்கா இப்படி என்று நீங்கள் மனம் வருந்த வேண்டாம்.

இனி அத்தகைய அழைப்பு வந்தால் பதில் சொல்லாமல் துண்டித்துவிட்டு, மகனிடமோ பக்கத்து வீட்டிலோ உடனே சொல்லுங்கள். அழைத்த எண்ணை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள 'சக்ஷு' பகுதியில் தெரிவிக்கலாம். உங்கள் பெயரில் எத்தனை செல்பேசி இணைப்புகள் உள்ளன என்பதையும் அதே தளத்தில் பார்த்து, உங்களுடையதல்லாத எண் இருந்தால் புகார் செய்யலாம். 'உங்கள் பெயரில் இன்னொரு சிம் இருக்கிறது' என்று எவரேனும் மிரட்டினால், விடையை நீங்களே தெரிந்துகொள்ளும் வழி அது.

எழுபத்திரண்டு வயதான என் அம்மா வலங்கைமான் அருகே தனியாக இருக்கிறார். நான் சென்னையில் பணிபுரிகிறேன். தொல்லையே வேண்டாம் என்று ஆண்ட்ராய்டு போனை வாங்கிவைத்துவிட்டு, பொத்தான் வைத்த பழைய போனைக் கொடுத்துவிடலாமா? — சென்னை

அவ்வாறு செய்ய வேண்டாம். உங்கள் அம்மா பேரப்பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதும், கோயில் திருவிழாவின் நேரலையைக் காண்பதும், உறவினர் குழுவில் காலை வணக்கம் அனுப்புவதும் அந்தப் போனில்தான். அதைப் பறித்தால் அவருடைய தனிமை கூடும். அத்துடன், 'தவறு செய்தால் போனை வாங்கிவிடுவார்கள்' என்ற அச்சமும் மனத்தில் பதிந்துவிடும். ஏதேனும் நடந்தால் முதலில் உங்களிடமிருந்துதான் மறைப்பார். பல குடும்பங்களில் பணம் போன செய்தி பிள்ளைகளுக்கு நாள் கழித்தே தெரிவதற்கு இதுவே காரணம் என்று வந்த கடிதங்கள் சொல்கின்றன.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவரருகே உட்கார்ந்து, அவருக்குத் தெரிய, அவர் சம்மதத்துடன் சில ஏற்பாடுகளைச் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் அறியாத எண்களிலிருந்து வரும் அழைப்புகள் ஒலிக்காமலிருக்கவும், அறியாதவர்கள் அவரைக் குழுக்களில் சேர்க்க முடியாதபடியும், படங்களும் கோப்புகளும் தாமாகப் பதிவிறங்காதபடியும் அமைப்புகளை மாற்றலாம். கூடுதலாக ஓர் இரகசிய எண்ணைக் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் அதில் இயக்கிவையுங்கள். பணத்தைப் பொறுத்தவரை, அன்றாடச் செலவுக்குச் சிறுதொகை வைத்திருக்கும் கணக்கை மட்டும் யு.பி.ஐ. செயலியோடு இணைத்து, ஓய்வூதியமும் வைப்புத்தொகையும் உள்ள கணக்கைச் செல்பேசியில் சேர்க்காமல் விடுவதே எனக்குத் தெரிந்த நல்ல பாதுகாப்பு. மோசடிக்காரர் எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசினாலும் அந்தச் சிறிய கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்க முடியாது.

எல்லாவற்றையும்விட, அவர் உங்களை எந்த நேரத்திலும் அழைத்து, 'இப்படியொரு செய்தி வந்திருக்கிறது, என்ன செய்யட்டும்?' என்று கேட்கும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். அலுவலகக் கூட்டத்தில் இருந்தாலும் அந்த அழைப்பை எடுங்கள். சலித்துக்கொண்டு பதில் சொல்லிவிட்டால், அடுத்த முறை கேட்கமாட்டார்.

பி.எம். கிசான் தவணை வரவில்லையென்றால் இதை அழுத்தவும் என்று உழவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கோப்பு வந்தது. அனுப்பியவர் எங்கள் ஊர்க்காரர்தான். அழுத்தலாமா? — நீடாமங்கலம்

அழுத்தாதீர்கள். கோப்பின் பெயர் கடைசியில் ஏ.பி.கே. என்று முடிந்தால், அது நேரடியாகப் போனுக்குள் இறங்கும் செயலி. அதை நிறுவி, கேட்கும் அனுமதிகளைக் கொடுத்துவிட்டால், உங்களுக்கு வரும் குறுஞ்செய்திகளை, அதாவது வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுஎண்ணான ஓடிபியை, எங்கோ இருக்கும் ஒருவர் படிக்க முடியும். உங்கள் வாட்ஸ்அப்பைத் தன்வசப்படுத்தி, உங்கள் பெயரிலேயே மற்றக் குழுக்களுக்கும் அதே கோப்பை அனுப்பவும் முடியும். உங்கள் ஊர்க்காரரின் எண்ணிலிருந்து அது வந்ததற்கும் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும்; அவருக்கு அது தெரியாமலே இருக்கலாம், ஆகவே அவரை நேரில் பார்த்துச் சொல்லுங்கள்.

ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளாக வழங்கும் அந்தத் திட்டத்தின் நிலையை அறிய, அரசின் இணையதளம் இருக்கிறது. 155261 என்ற உதவி எண் இருக்கிறது. இ-சேவை மையமும் வேளாண்மை விரிவாக்க மையமும் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் வரும் கோப்பு எதுவும் அவற்றுக்கு மாற்றாகாது. போக்குவரத்து அபராதம், திருமண அழைப்பிதழ், வங்கிக் கே.ஒய்.சி. என்ற பெயர்களிலும் இதே வகைக் கோப்புகள் உலவுகின்றன. தையிலிருந்து பங்குனி வரை, சம்பா, தாளடி அறுவடை முடிந்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான தொகை வங்கிக் கணக்கில் வரவாகும் மாதங்களில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ஆண்டு முழுவதும் பாடுபட்டதன் பலன் மொத்தமாகக் கணக்கில் கிடக்கும் காலம் அது.

ஏற்கெனவே அழுத்திவிட்ட எவரேனும் இதைப் படித்தால், முதலில் போனில் இணையத்தை அணைத்துவிட்டு, வேறொரு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். செயலியை நீக்குவது அதற்கடுத்த வேலை.

பேரன் குரலிலேயே ஒருவன் பேசி, விபத்து என்று பணம் கேட்டான். குரல் எப்படி ஒத்துப்போகும்? — திருவாரூர்

சமூக ஊடகத்தில் கிடக்கும் சில விநாடிப் பேச்சைக் கொண்டே ஒருவருடைய குரலைச் செயற்கையாகப் பேசவைக்கும் கருவிகள் இப்போது உள்ளன. துண்டித்துவிட்டு, உங்களிடம் பதிந்துள்ள பேரனின் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். அவர் எடுக்கவில்லையென்றால் அவருடைய பெற்றோரை அழையுங்கள். குடும்பத்தினருக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வியை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வதும் உதவும்.

இரண்டு நாள்களுக்கு முன், மின்கட்டணம் கட்டவில்லை என்று அழைத்தவரிடம் ஓடிபியைச் சொல்லி 38,000 ரூபாயை இழந்துவிட்டேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. திரும்பக் கிடைக்குமா? — பாபநாசம்

இதழ் உங்கள் கைக்கு வரும் வரை காத்திராமல் தனிக் கடிதத்தில் பதில் அனுப்பியிருக்கிறேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கும் எழுதுகிறேன்.

பணம் போனது தெரிந்தவுடன் முதலில் அழைக்க வேண்டியது 1930. நாடு முழுவதற்குமான சைபர் நிதிமோசடி உதவி எண் அது. பறிபோன பணம் முதல் கணக்கிலேயே நிற்பதில்லை. சில நிமிடங்களில் இரண்டாவது, மூன்றாவது கணக்குகளுக்குப் பிரிந்து சென்று, எங்கோ ஒரு ஏ.டி.எம்.மில் ரொக்கமாகிவிடுகிறது. 1930-இல் புகார் பதிவானதும் சம்பந்தப்பட்ட வங்கிகளுக்கு உடனே தகவல் சென்று, இன்னும் கணக்குகளில் நிற்கும் தொகை நிறுத்திவைக்கப்படும். தலைமதகை அடைத்தால்தான் தண்ணீரை நிறுத்த முடியும், கடைமடை வரை ஓடிய பிறகு அடைத்துப் பயனில்லை என்பது டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு நாள் கடந்திருந்தாலும் அழையுங்கள். ஒரு பகுதியாவது நின்றிருக்க வாய்ப்புண்டு. அவர்கள் தரும் ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொண்டு, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகாரை முழுமையாகப் பதிவு செய்யுங்கள். தனியே செய்ய இயலாவிட்டால் மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்துக்கு நேரில் செல்லலாம். நிறுத்திவைக்கப்பட்ட தொகை உரிய நடைமுறைகள் முடிந்த பிறகே திரும்பக் கிடைக்கும். அதற்குக் காலம் பிடிக்கும்.

வங்கிக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, தெரிவித்த நாளும் நேரமும் உள்ள ஒப்புகையைப் பெறுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கி மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறின்றி வேறெங்கோ நேர்ந்த குறையால் பணம் போயிருந்து, அதை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால், வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. ஆனால் ஓடிபியைத் தாமே சொல்லிவிட்ட உங்களைப் போன்றவர்களுக்கு, வங்கியிடம் தெரிவிக்கும் வரையிலான இழப்பு வாடிக்கையாளருடையதாகவே கருதப்படும். தெரிவித்த பின்னர் நேரும் இழப்பு வங்கியுடையது. இதை மறைத்து உங்களுக்கு வீண் நம்பிக்கை தர நான் விரும்பவில்லை. அதேநேரம், தெரிவிக்கும் நேரம் எவ்வளவு முக்கியம் என்பதும் இதிலிருந்து விளங்கும். வங்கி 30 நாள்களுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணமாக ஐந்தாயிரம் மட்டும் அனுப்புங்கள்' என்று வழக்கறிஞர் பெயரிலோ காவல்துறை பெயரிலோ அடுத்த அழைப்பு வரக்கூடும். ஒருமுறை ஏமாந்தவர்களின் எண்களும் விற்கப்படுகின்றன. அதற்கு இணங்காதீர்கள். வீட்டில் இன்றே சொல்லிவிடுங்கள். கணவருக்குத் தெரிந்தால் கோபிப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தக் கோபத்தைவிட இரண்டாவது இழப்பு பெரிது.

நவம்பரில் லைஃப் சர்டிஃபிகேட் பதிவு செய்து தருவதாகப் போனில் கேட்கிறார்கள். நம்பலாமா? — தஞ்சாவூர்

போனில் ஓடிபி கேட்டு எவரும் உயிர்வாழ் சான்றிதழைப் பதிவு செய்து தருவதில்லை. 2014-இல் தொடங்கிய ஜீவன் பிரமாண் என்ற மின்னணு உயிர்வாழ் சான்றிதழ் முறையில் கைரேகையோ கருவிழியோ முகப்பதிவோ தேவை; அதற்கு நீங்கள் நேரில் இருந்தாக வேண்டும். வங்கிக் கிளையில் செய்யலாம். அஞ்சலகத்தில் சொல்லிவைத்தால் தபால்காரரே வீட்டுக்கு வந்து, சிறு கட்டணத்துக்குச் செய்து தருவார்.

முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாயைக் கைரேகை வைத்து வாங்குகிறேன். சில மாதங்களில் ரேகை பதியவில்லை என்று இரண்டு, மூன்று முறை வைக்கச் சொல்கிறார்கள். அதில் ஏதேனும் தவறு நடக்குமா? — மன்னார்குடி அருகே ஒரு கிராமம்

கழனி வேலை செய்து தேய்ந்த விரல்களில் ரேகை பதிய மறுப்பது உண்மையிலேயே நடப்பதுதான். மறுபடியும் வைக்கச் சொல்வதாலேயே ஒருவரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் 'பதியவில்லை' என்று சொல்லி இரண்டு முறை பணம் எடுத்துக்கொண்டு ஒருமுறைத் தொகையைத் தரும் வழியும் இருக்கிறது. ஒவ்வொரு முறை விரல் வைத்த பின்னும், பதியாமல் போன முறைக்கும் சேர்த்து, ரசீது கேளுங்கள். ரசீது எழுத்தைப் படிக்க முடியாவிட்டால், அடுத்த வீட்டுப் பள்ளிப் பிள்ளையிடம் காட்டினால் போதும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வங்கிக்குச் சென்று பாஸ்புக்கில் வரவு செலவைப் பதிந்து வாருங்கள்; கணக்கில் செல்பேசி எண் இணைந்திருந்தால் குறுஞ்செய்தியும் வரும்.

ஆதார் கைரேகையைப் பூட்டிவைக்கும் வசதி இருப்பதாகச் சிலர் உங்களுக்குச் சொல்லக்கூடும். வங்கிக்கு ஓடிபி வழியில் மட்டும் செல்பவர்களுக்கு அது நல்ல பாதுகாப்பு. உங்களைப் போல ரேஷன் கடையிலும் உதவித்தொகைக்கும் விரல் வைப்பவர்கள் பூட்டிவிட்டால், அரிசி வாங்கும் நாளில் திண்டாட நேரும். ஆகவே உங்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்கவில்லை.

எங்கள் ஊர் நூலகக் கட்டடத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் மாதம் ஒருமுறை கூடுகிறோம். முதல் கூட்டத்தில் சைபர் மோசடி பற்றி இரண்டு மணி நேரம் பேச்சு வைத்தோம். அடுத்த கூட்டத்துக்குப் பாதிப் பேர் வரவில்லை. பெண்கள் ஒருவர்கூட வரவில்லை. எப்படித் தொடர்ந்து நடத்துவது? — திருவையாறு அருகே

உங்கள் முயற்சியை மனமாரப் பாராட்டுகிறேன். பேச்சாளரைக் கூப்பிட்டதில் தவறில்லை. இரண்டு மணி நேரம் அச்சமூட்டும் கதைகளை மட்டும் கேட்டவர்கள் மறுபடியும் அதற்காகவே வரமாட்டார்கள். கூட்டம் என்பது முதலில் அவர்கள் விரும்பி வரும் இடமாக இருக்கட்டும். திருவையாற்றுப் பக்கம் தேவாரமும் கீர்த்தனையும் பாடத் தெரிந்த பாட்டிகளுக்கும் தாத்தாக்களுக்கும் குறைவிருக்காது; அரை மணி நேரம் பாட்டுக்கு ஒதுக்குங்கள். தாயக்கட்டையும் பல்லாங்குழியும் இருக்கட்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்களிடம் சொல்லிவைத்தால், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் நாளையும் அதனோடு பொருத்திக்கொள்ளலாம். விதை மாற்றிக்கொள்வது, பழைய சமையல் முறைகளைச் சொல்லி எழுதவைப்பது, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது என்று அவர்கள் கொடுப்பவர்களாக இருக்கும் வேலைகளே அதிக நாள் நிற்கும். யாரோ வந்து சொல்லிக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு மட்டும் இருக்க எந்த வயதிலும் மனம் ஒப்பாது.

மோசடி விழிப்புணர்வுக்கு அதில் பத்து, பதினைந்து நிமிடம் போதும். ஆனால் மாதந்தோறும் தவறாமல் வேண்டும். பேச்சைவிட நடித்துப் பார்ப்பது நன்றாக மனத்தில் நிற்கும். ஒருவர் வங்கி அதிகாரியாக அழைக்கட்டும். மற்றொருவர் கையில் போனை வைத்துக்கொண்டு பதில் சொல்லட்டும். 'அம்மா, உங்கள் ஏ.டி.எம். கார்டு இன்று மாலையோடு நின்றுவிடும், ஒரு எண் வரும், அதை மட்டும் படித்துச் சொல்லுங்கள்' என்று முதலாமவர் தொடங்கியதும், எந்த இடத்தில் துண்டிக்க வேண்டும் என்று உட்கார்ந்திருப்பவர்கள் கைதட்டிக் காட்டட்டும். மரியாதைக்குப் பழகிய நம் பெரியவர்களுக்கு, பேசிக்கொண்டிருப்பவரை இடைமறித்துப் போனை வைப்பது எளிதன்று. அந்தப் பழக்கத்தை வாயாலும் கையாலும் ஒத்திகை பார்த்துத்தான் கொண்டுவர முடியும். 'நான் மகனைக் கேட்டுச் சொல்கிறேன், போனை வைக்கிறேன்' என்ற ஒரே வாக்கியத்தை எல்லோரும் உரக்கச் சொல்லிப் பழகினால், இரண்டு மணி நேரப் பேச்சைவிட அதிகப் பயன் தரும். பணம் வருவதற்கு யு.பி.ஐ. பின் எண்ணைப் போட வேண்டியதில்லை என்பதை ஒரு மாதம். உண்மையான வங்கி அழைப்புகள் 1600 என்று தொடங்கும் எண்களிலிருந்து வரும், அப்போதும் அவர்கள் ஓடிபி கேட்கமாட்டார்கள் என்பதை அடுத்த மாதம். இவ்வாறு ஒவ்வொன்றாகக் கொண்டுபோங்கள்.

பெண்கள் வராததற்கு நேரமும் காரணமாக இருக்கலாம். காலை பதினொரு மணிக்கு நடத்தினால், சமையலையும் பேரப்பிள்ளைகளையும் பார்த்துக்கொள்பவர் எப்படி வருவார்? மாலை நான்கு மணிக்கு மாற்றிப் பாருங்கள். மகளிர் சுயஉதவிக் குழுவின் கூட்ட நாளிலேயே ஒரு பகுதியைக் கேட்டுப் பெறுங்கள். கூடும் இடத்தைக் கோயில் மண்டபத்துக்கு மாற்றலாமா என்று கடிதத்தின் பிற்பகுதியில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்; நூலகமே இருக்கட்டும். ஊரின் எல்லாத் தெருக்களிலிருந்தும், எல்லாச் சமயத்தவரும் தயக்கமின்றி வந்து சமமாக உட்காரும் இடமாக அது இருக்கிறது. ஒரு தெருவின் முதியவர்கள் மட்டும் கூடும் கூட்டம், அடுத்த தெருவில் தனியே இருப்பவரைக் காப்பாற்றாது. படிக்கட்டில் கைப்பிடியும், பயன்படுத்தக்கூடிய கழிப்பறையும், முதுகு சாய நாற்காலியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இவை இல்லாததால் நின்றுபோன கூட்டங்கள் பல.

கூட்டத்துக்கு வெளியே ஓர் ஏற்பாட்டையும் செய்யச் சொல்வேன். தனியாக வசிப்போரின் பட்டியலை எடுத்து, ஒருவர் மற்றொருவரைக் காலை எட்டு மணிக்குள் அழைத்து இரண்டு வார்த்தை பேசும்படி இணைத்துவிடுங்கள். அழைப்பை எடுக்கவில்லையென்றால் நேரில் போய்க் கதவைத் தட்ட வேண்டும். மயக்கமோ தடுமாறி விழுதலோ ஏற்பட்டால் உதவி விரைவில் கிடைக்கும் என்பதோடு, யாரிடமும் பேசக் கூடாது என்று மிரட்டிக் கதவை அடைக்கவைக்கும் மோசடியும் அந்தத் தட்டலில் நின்றுவிடும். 1930 என்ற எண்ணையும், முதியோர் உதவி எண்ணான 14567-ஐயும், அருகில் உள்ள இருவரின் எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொடுங்கள். அக்டோபர் 1 உலக முதியோர் நாள். மறுநாள் கிராம சபை கூடும். காவல் நிலையத்திலிருந்து ஒருவரை அழைத்து, அந்தச் சபையில் இதைப் பேசச் செய்தால் உங்கள் கூட்டத்துக்கு வராதவர்களையும் சென்றடையும். தமிழ்நாடு அரசு 2025-இல் 'அன்புச் சோலை' என்ற பெயரில் முதியோருக்கான பகல்நேர மையங்களைத் தொடங்கியிருக்கிறது. உங்கள் பகுதிக்கும் அப்படியொரு மையம் வேண்டும் என்று அதே சபையில் தீர்மானம் போடவும் முடியும்.

பஜனைக் குழுவில் பல ஆண்டுகளாகப் பழகியவர், தெரிந்த நிறுவனத்தில் பணம் போட்டால் மாதம் மூன்று விழுக்காடு வட்டி என்கிறார். அவரே போட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். நானும் போடலாமா? — கும்பகோணம்

மாதம் மூன்று என்றால் ஆண்டுக்கு முப்பத்தாறு. 2023 ஏப்ரலில் உயர்த்தப்பட்டபோதும், அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் தந்தது ஆண்டுக்கு 8.2 விழுக்காடுதான். அதற்கு நான்கு மடங்குக்கும் மேல் நேர்மையான தொழிலில் ஈட்டி, உங்களுக்கும் தந்துவிட்டு, தானும் லாபம் பார்க்க ஒரு நிறுவனத்தால் இயலுமா என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் நண்பருக்கு இப்போது வரும் வட்டி, அவருக்குப் பின்னால் பணம் போட்டவர்களின் முதலாகவே இருக்கலாம். அவர் உங்களை ஏமாற்ற நினைக்கவில்லை. நல்ல மனத்தோடுதான் அழைக்கிறார். அதனால்தான் மறுப்பது கடினமாகிறது.

1904-லேயே தனக்கென ஒரு வங்கியைத் தொடங்கிய ஊர் கும்பகோணம். கொடுக்கல் வாங்கலில் நாணயம் தவறாத மரபு அங்கே உண்டு. அந்த நம்பிக்கையைத்தான் இத்தகையவர்கள் முதலாக்குகிறார்கள். வைப்புத்தொகை வாங்க அந்நிறுவனத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று ரிசர்வ் வங்கியின் சச்சேத் தளத்தில் பார்க்கச் சொல்லுங்கள். சீட்டு என்றால், 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்த எண்ணைக் கேளுங்கள். ஏற்கெனவே பணம் போட்டுத் திரும்பக் கிடைக்காதவர்கள், 1997-இன் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் செய்யலாம். நண்பரிடம், 'பணத்தைப் பிள்ளைகளின் பெயரில் வைத்துவிட்டேன்' என்று சொல்லிவிட்டு, பஜனைக்கு வழக்கம்போலச் செல்லுங்கள். நட்பை விட வேண்டியதில்லை.

என் கணவர் பங்குச்சந்தைக் குழு என்று நம்பி இரண்டு லட்சத்தை இழந்தார். அன்று முதல் ஓய்வூதியர் சங்கத்துக்கும் போவதில்லை, சாப்பாடும் சரியில்லை. பிள்ளைகள் போனில் திட்டுகிறார்கள். என்ன செய்வது? — நாகப்பட்டினம்

அம்மா, முதலில் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: பணம் போனது ஒரு குற்றத்தால், குற்றம் செய்தவர் அப்பா அல்லர். திட்டுவதால் ஒரு ரூபாயும் திரும்பாது. புகார் பதிவாகியிருக்கிறதா, ஒப்புகை எண் இருக்கிறதா என்று அவர்கள் பார்த்து, அந்த வேலையைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்வதுதான் அவர்கள் செய்யக்கூடிய உதவி.

சங்கத்துக்குப் போகச் சொல்லி நீங்கள் வற்புறுத்த வேண்டாம். அங்கே அவருக்கு நெருக்கமான ஒருவரிடம் மட்டும் செய்தியைச் சொல்லி, வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வருபவர் ஆறுதல் சொல்ல வேண்டும் என்பதில்லை. ஒரு வேலையைக் கொண்டுவரட்டும். கணக்கு எழுதத் தெரிந்தவர் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். சங்கத்தின் சந்தாப் பதிவேட்டைச் சரிபார்க்கவோ, உயிர்வாழ் சான்றிதழுக்கு வருவோரின் விவரங்களை எழுதித் தரவோ அவரைக் கேட்கலாம். தனக்கு நேர்ந்ததை அவர் பிறகு எப்போதாவது தாமாகவே அங்கே சொல்லக்கூடும். அதைக் கேட்டு வேறு சிலர் தப்பவும் கூடும். ஆனால் அதை நீங்களோ சங்கமோ அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது.

உறக்கமின்மையும் பசியின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற சொல் ஒருமுறை வந்தாலும் அவரைத் தனியே விடாமல், 14416 என்ற, டெலிமானஸ் எனப்படும் அரசின் மனநல உதவி எண்ணை உடனே அழையுங்கள். இரவு, பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை, அவர் பேச மறுத்தால் அவருக்காக நீங்கள் பேசலாம்.